சமையல்காரருக்குத் தனி வண்டி

பரசு அண்ணன் இறந்த செய்தி எனக்குப் பாறை மேல் கிடைத்தது. எங்கள் ஊரில் போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் யானைப் பாறையில் ஏற வேண்டும். ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தால் அதுவரை எங்கேயோ தேங்கிக் கிடந்த செய்திகள் கூட்டமாக வந்து இறங்கும். சந்தை நாளில் பஸ்ஸிலிருந்து சனம் இறங்குவது போலத்தான். முன்னால் ஏறியவர் முன்னால் இறங்குவார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அன்று முதலில் இறங்கியது, குழுவில் எடை போடும் கோவிந்தம்மா அக்காவின் குரல். "பாப்பா, பரசு தம்பி போய்ட்டாரும்மா. கண்ணமங்கலத்துல, அவங்க சொந்த வூட்லயே. மாரடைப்பாம். நீ எங்க கீற?" அதற்குப் பின்னால், முதல் நாள் சாயங்காலம் அவரே எனக்கு அனுப்பியது ஆடி அசைந்து வந்து சேர்ந்தது: "இன்னா வாலு, இன்னிக்கு இன்னா உடைச்ச?"

போய்விட்டார் என்ற செய்திக்குப் பிறகு வந்து விசாரிக்கிறார் மனுஷன். இப்படியெல்லாம் விளையாடக்கூடியவர்தான் என்பதால், "நம்ப மாட்டேண்ணா, இது ரொம்ப ஓவர்" என்று பதில் போட்டேன். ஒரு டிக் விழுந்தது. தை மாதப் பனி பாறையில் ஏறி, என் கால் விரல்கள் எனக்கே தெரியாமல் போகும் வரை இரண்டாவது டிக்குக்காக உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வெளேரென்று எல்லாம் மிதந்தது. கீழே ஊர் இருக்கிறதா என்றுகூட அந்த நேரத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நம் உழவர் குழுவில் அவரைத் தெரியாதவர் இல்லை. நர்ஸ் மஞ்சுளா அண்ணியின் வீட்டுக்காரர். சென்னையில் ஜாவா என்ற கணினி மொழியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். அண்ணிக்கு மலையில் வேலை கிடைத்ததும் அவரும் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். "சிக்னலே இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று யாராவது கேட்டால், "அதான் வந்தேன், யாரும் கூப்பிட மாட்டாங்க" என்பார். நாம் சாமை, புளி, தேன் எடை போடும்போது போனிலிருந்து பெயரோடு ஒரு சீட்டு அச்சாகி வருகிறதே, அந்த நிரல் அவர் எழுதியது. அதற்குக் கூலி கேட்கவில்லை. சாமை அரைக்கும் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் கேட்டார். கொடுத்தோம்.

அந்தச் சீட்டு முதன்முதலாக வெளிவந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் புளியை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றீர்கள். நான் எங்கள் ஆட்டைத் தூக்கித் தராசில் வைத்தேன். கோவிந்தம்மா அக்கா வேறு பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் போனைத் தட்டினேன். சீட்டு வந்துவிட்டது. பொருள்: புளி. விற்பவர்: ராஜாத்தி. உள்ளேயிருந்து பரசு அண்ணன் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யாருங்க இங்க ராஜாத்தி?"

ராஜாத்தி தராசின் மேல் நின்றபடியே மே என்றது.

அவர் ஆட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நான் ஓட வாகாக நின்றுகொண்டேன். "உறுப்பினர் இல்லாத பேருக்குச் சீட்டு வரக்கூடாதுன்னு நான் எழுதவே இல்ல பாரு" என்றார். "உனக்கு உடைக்கிற கை. சனிக்கிழமை சனிக்கிழமை வா. நான் கட்டுறேன், நீ உடை."

அப்படித்தான் எங்கள் கூட்டுத்தொழில் ஆரம்பித்தது. அவரை என் குரு என்று யாராவது மேடையில் சொன்னால் அவரே எழுந்து வந்து மைக்கைப் பிடுங்குவார். ஒரு தடவை, "எனக்கும் சொல்லிக்குடுங்கண்ணா" என்று கேட்டேன். "சொல்லிக்குடுத்தா நீ ஒழுங்கா தட்டுவ. அப்புறம் யாரு உடைக்கிறது?" என்று சொல்லிவிட்டார். அவர் கீழே போயிருக்கும் நாட்களில் யாராவது பில்ட் ஓட்ட வேண்டும் என்பதால் அதை மட்டும் நானே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன். பில்ட் என்றால், எழுதி வைத்ததை எல்லாம் சேர்த்துப் போனில் ஓடும்படி கட்டித் தருவது. அதற்கென்று ஒரு கருவி உண்டு. வேறு யாரோ எழுதி வைத்த துணை நிரல்கள் எவையெவை தேவை என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அது இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். கீழே இருப்பவர்களுக்குத் தானே இறங்கும். நமக்கு யாராவது பஸ்ஸில் கீழே இறங்கிப் போய், பென்டிரைவில் ஏற்றி, மேலே கொண்டுவர வேண்டும்.

அப்படி ஒரு சமயம் அவர் கலசப்பாக்கம் போனார். எடை விவரங்களைச் சேமித்து வைக்க ஒரு புதுத் துணை நிரல் வேண்டியிருந்தது. சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, கைகால்கூடக் கழுவாமல் பில்ட்டை ஓட்டினார். பிழை வரிகள் சிவப்பாகக் கொட்டின. அவர் திரையையே பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"வாலு, கல்யாணத்துக்கு விருந்தாளிங்க எல்லாரையும் வண்டியில ஏத்தினு வந்துட்டேன். சமையல்காரன கீழயே வுட்டுட்டேன்."

அவர் சொன்னதன் அர்த்தம் இது. ஜாவாவில் சில பெயர்களுக்கு மேலே ஒரு குறி போடுவார்கள். பில்ட் நடக்கும்போது துணை ஆள் மாதிரி ஒரு நிரல் வந்து அந்தக் குறிகளைப் படித்து, நாம் எழுதவேண்டிய சலிப்பான பக்கங்களை அதுவே எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். அனோட்டேஷன் பிராசசர் என்று அதற்குப் பெயர். பில்ட்டின்போது மட்டும்தான் அதற்கு வேலை. கட்டி முடித்த நிரலுக்குள் அது வராது. அதனால் கோப்பில் அதைத் தனி வரியில் எழுத வேண்டும். அவர் விருந்தாளிகளான மற்ற துணை நிரல்களின் வரியைப் பார்த்து எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டார், சமையல்காரரான பிராசசரின் வரியைப் பார்க்கவில்லை. குறிகள் மட்டும் போட்டது போட்டபடி இருந்தன, படிக்க ஆள் இல்லை.

மறுபடி போனார். இந்தத் தடவை சமையல்காரர் வந்தார்; அவருடைய கரண்டி வரவில்லை. பிராசசர் வேலை செய்ய அதற்கென்று சில துணை நிரல்கள் வேண்டும், அவை கீழேயே தங்கிவிட்டன. இன்னொரு முறை பஸ் ஏறினார். மலைவளைவில் வாந்தி வரும் மனுஷன், பாவம், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய்வந்தார்.

கோவிந்தம்மா அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தச் சமையல்காரருக்கு ஒரு போன் போட்டா அவரே பஸ் ஏறி வர மாட்டாரா?"

"வருவாருக்கா. நமக்குத்தான் சிக்னல் இல்ல."

"எதுக்குங்கண்ணா இவ்ளோ ரோதனை? சமையல்காரரையும் விருந்தாளி வண்டியிலயே ஏத்தி வுட்டுடலாமில்ல?" என்றேன் நான்.

"ஏத்தலாம். ஏத்துனா அவரும் பந்தியில உக்காந்துடுவாரு. போனுக்குக் கனம். அவரு கரண்டியும் நம்ம கரண்டியும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கும், எது யாருதுன்னு சண்டை வரும். கூடாது. சமையல்காரருக்குத் தனி வண்டி."

அதன் பிறகு லேப்டாப்பில் இரண்டு ஃபோல்டர்கள் வைத்தார். ஒன்றின் பெயர் விருந்தாளி. இன்னொன்றின் பெயர் சமையல். யார் எதைக் கேட்டாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லும் வழக்கமும் அப்போது வந்ததுதான். தேனையும் புளியையும் ஒரே ஜீப்பில் ஏற்றலாமா என்று குழுவில் பேச்சு வந்தபோதுகூட, பின்வரிசையிலிருந்து, "தேனுக்குத் தனி வண்டி" என்று அவர் குரல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

பில்ட் ஓடும் நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்த நேரம். பழைய லேப்டாப், மெதுவாகத்தான் ஓடும். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மேசைக்கு இந்தப் பக்கம் என்னையும் அந்தப் பக்கம் அவரையும் பிரித்துவிடும். மெஷின் பக்கத்திலிருந்து சாமை உமி மெல்லப் பறந்து வந்து வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும், விழாது. லேப்டாப்பின் காற்றாடி தூங்குகிறவர் மூச்சு மாதிரிக் கேட்கும். நான் மேசையில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். "இப்ப உள்ள ஒருத்தரு எழுதினு கீறாரு" என்பார் அவர், சத்தமே இல்லாமல். "பக்கம் பக்கமா. நம்ம பாக்கப் போறதில்ல. எழுதிட்டுப் போய்டுவாரு." எனக்கு அது கனவில் கேட்ட மாதிரி இருக்கும். வெள்ளை வேட்டி கட்டிய யாரோ ஒருவர் மேகத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறார், உமி அவர் தலையில் படிகிறது. நான் விழிப்பதற்குள் எழுந்து போய்விடுகிறார்.

பிறகு அவரே சொந்தமாக ஒரு சமையல்காரரை உருவாக்கினார். சாமைக்கு ஒரு சீட்டு, புளிக்கு ஒரு சீட்டு, தேனுக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக எழுதுவது அலுத்துப்போய், பொருளின் பெயருக்கு மேலே "சீட்டு" என்று ஒரு குறி போட்டால் போதும், அச்சடிக்க வேண்டிய முழு நிரலையும் தானே எழுதித் தரும்படி ஒரு பிராசசர். ஜாவாவில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். வைக்கலாம் என்றதும் நான் வைக்கச் சொன்ன பெயர்களை இங்கே எழுத முடியாது.

அது பலாப்பழ சீசன். நான் எங்கள் மரத்துப் பழத்தைக் கை வழியத் தின்றுவிட்டு, அப்படியே வந்து எண்டர் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினது அழுத்தினபடி ஒட்டிக்கொண்டது. பில்ட் ஓடியது, முடிந்தது, மறுபடி ஓடியது, மறுபடியும். நிறுத்தத் தெரியாமல் நான் வெளியே ஓடிவிட்டேன். அவர் வந்து பார்த்தபோது லேப்டாப் தோசைக்கல் மாதிரிச் சுட்டுக்கொண்டிருந்ததாம். ஊசியும் பஞ்சும் தேங்காய் எண்ணெயும் வைத்து அந்தப் பொத்தானை நாள் முழுக்கச் சுரண்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பில்ட்டை ஓட்டினேன். எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு வரி வந்தது.

எச்சரிக்கை: வாலு, பலாப்பழக் கையோட பொத்தானைத் தொடாத. போய்க் கழுவினு வா.

சீட்டு பிராசசருக்குள் அதை எழுதி வைத்திருந்தார். அது வேலை செய்யும்போதெல்லாம் இந்த வரியையும் சொல்லும். ஒவ்வொரு தடவையும். வரும் ஆட்கள் முன்னால், பள்ளிக்கூடத் தோழிகள் முன்னால், ஒரு முறை பார்க்க வந்திருந்த வங்கிக்காரர் முன்னால். "எடுத்துடுங்கண்ணா, மானம் போவுது" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். "ஒரு எச்சரிக்கையும் இல்லாம பில்ட் ஆனா எனக்குச் சந்தேகம் வரும்" என்றார். எதையும் மாற்றாமல் பில்ட் ஓட்டினால் கருவி, பழையதே போதும் என்று பிராசசரைக் கூப்பிடாது. அந்த வரியும் வராது. ஏதாவது ஓர் இடத்தில் மாறியிருந்தால்தான் அவர் வாய் திறப்பார். அதனால் நான் மாற்றுவதைத் தவிர்த்துப் பார்த்தேன். உடைக்கிறவளால் எத்தனை நாள் முடியும்?

அவர் போன பிறகு மஞ்சுளா அண்ணி லீவு போட்டுவிட்டுக் கண்ணமங்கலத்துக்கே போய்விட்டார். போகுமுன் லேப்டாப்பிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் நிரலையும் விருந்தாளி ஃபோல்டரையும் குழுவின் கணினிக்கு ஏற்றிக்கொண்டேன். அன்று அண்ணி சுவரில் தொங்கிய அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். வேறெதையும் நின்று பார்க்க என்னால் முடியவில்லை.

மாசியில் புளி வரத் தொடங்கியது. தராசில் இருந்த பழைய போன் செத்துவிட்டது, புதுப் போனில் நம் நிரல் ஏறவில்லை. உங்களுக்கே தெரியும், உள்ளடங்கிய ஊர்களிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டு வருகிறவர்கள் நம்மிடம் வருவதே தங்கள் பெயர் போட்ட அந்தச் சீட்டுக்காகத்தான். "சீட்டு இல்லன்னா அடுத்த வாரத்துல இருந்து ஜமுனாமரத்தூர் ஏவாரிகிட்டயே போட்டுடுவாங்க பாப்பா. அப்புறம் குழுவுன்னு ஒண்ணு எதுக்கு?" என்றார் கோவிந்தம்மா அக்கா. புதுப் போனுக்கு ஏற்ற மாதிரி கோப்பில் ஓரிரு வரிகளை மாற்றி பில்ட்டை ஓட்டினேன். சிவப்பு. புளிச்சீட்டு என்று ஒன்று இல்லவே இல்லை என்றது. இருக்கிறதே, போன வருஷம் முழுக்க அச்சடித்தோமே என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினேன். எங்கேயும் இல்லை. தேடிக்கொண்டே இருந்தபோது மேகம் உள்ளே வந்தது. மேசையில் கன்னத்தை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோப்பை யாருமே எழுதவில்லை. எழுதிக்கொடுக்கிறவர் லேப்டாப்போடு கண்ணமங்கலத்தில் இருக்கிறார்.

அந்த வீட்டுக்குப் போக எனக்கு மனசில்லை. செய்தி தாமதமாகக் கிடைத்து, பஸ் கிடைத்து நான் போய்ச் சேருவதற்குள் அன்று எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் தெளித்த தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது போய், "அண்ணி, லேப்டாப் வேணும்" என்று எப்படிக் கேட்பது? கோவிந்தம்மா அக்கா ஒரு பையில் புளி கட்டிக் கொடுத்தார். எலுமிச்சம்பழம் ஒன்றை நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு வாந்தி வராது. சும்மா முகர்ந்துகொண்டு இறங்கினேன்.

கதவைத் திறந்த அண்ணி ரொம்ப இளைத்திருந்தார். உள்ளே அண்ணியின் தம்பி கார்த்தி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், தட்டில் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தார்.

"வா வாலு. சாப்டியா?" என்றார் அண்ணி.

"அண்ணி, சமையல்காரர விட்டுட்டுப் போய்ட்டேன்."

விளக்கம் கேட்கவே இல்லை. உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "இதையேதான் அவரும் கலசப்பாக்கம் போய்ட்டு வந்து சொன்னாரு. அன்னிக்குத் திட்டுனேன் அவர" என்றார்.

சமையல் ஃபோல்டர் அங்கேயே இருந்தது, கரண்டிகளோடு. மாற்றிய வரிகளை அங்கேயும் மாற்றினேன். எண்டரை அழுத்தினேன். அந்தப் பொத்தான் இன்னும் லேசாக ஒட்டுகிறது, மேலே வர யோசிக்கிறது. காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. அண்ணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கண்ணமங்கலத்தில் மேகம் வீட்டுக்குள் வராது. ஆனாலும் எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஒருவர் உட்கார்ந்து புளிச்சீட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

முடிந்தது. கடைசியில் அந்த வரி வந்தது.

அண்ணி குனிந்து வாய்விட்டுப் படித்தார். "வாலு, பலாப்பழக் கையோட..." பாதியில் நின்றார். "இது இப்ப யாரு எழுதுனது?"

"அண்ணன்தான் அண்ணி. எப்பவுமே வரும்."

அவர் மீதியையும் படித்தார். பிறகு சிரித்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். கார்த்தி அண்ணன் எட்டிப் பார்த்தார். உதவி செய்கிற மனசுதான் அவருக்கு.

"வார்னிங் எதுவும் இல்லாம இருக்கணும்மா. ஒரு வரிதான், நான் தூக்கிட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டினார்.

"டேய்" என்றார் அண்ணி. "எண்ணெய்க் கையோட அதத் தொடாத. போய்க் கழுவினு வா."

அவர் எழுந்து போய்க் கழுவினார். திரும்பி வந்து, அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு மீதிப் பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். இரண்டு ஃபோல்டர்களையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மலை ஏறினேன். அந்த வாரம் புளிக்குச் சீட்டு வந்தது. உங்கள் பெயர்கள் ஒழுங்காக வந்தன. நானும் பார்த்தேன்.

பரசு அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு எச்சரிக்கை. உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் அது இல்லை, சீட்டிலும் வராது. எனக்குப் பிறகு இந்த நிரலை யார் கட்ட உட்கார்ந்தாலும், வாலு என்பது யார் என்றே தெரியாமல் அவர்களும் இந்தத் திட்டை வாங்கத்தான் வேண்டும். அதை யாரும் எடுக்கக்கூடாது என்று இந்தக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

சில சனிக்கிழமைகளில் மாற்றுவதற்கு எதுவும் இருப்பதில்லை. அப்போது ஏதாவது ஒரு வரியின் முடிவில் ஒரு வெற்று இடத்தைச் சேர்க்கிறேன். சேர்த்துவிட்டு, எண்டரை அழுத்துவதற்கு முன்னால் எழுந்து மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் குழாய்க்குப் போகிறேன். பலாப்பழத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. தண்ணீர் சில்லென்று இருக்கிறது. கழுவினு வர்றேண்ணா.